மாதிரிக்கு ஒரு கற்றை

ஷம்சாத் சரி என்று சொல்லிவிட்டாள். போன வாரம் முழுக்க நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்தில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நௌஷாத், மனைவியை இழந்தவர், ஷம்சாத்தைக் கல்யாணத்துக்குக் கேட்டுவிட்டு, "யோசிச்சுச் சொல்லுங்க" என்று விட்டுவிட்டுப் போனார் அல்லவா? இவள் யோசித்து, போனிலேயே, "சரி, பேசிப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டாள்.

சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தாளா? அதுதான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் நௌஷாத்தின் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும். அந்தத் தங்கை இவளைப் பார்க்க வேண்டுமாம். நாற்பத்தாறு வயதில் பெண் பார்க்கும் படலம். விஷயம் தெரிந்தது மகள் தஹ்மீனாவுக்கு மட்டும்தான். மகன் அப்சர் இன்று சாயங்காலம் ஷார்ஜாவிலிருந்து லீவில் வருகிறான், அவனுக்குத் தெரியாது. இறந்துபோன கணவர் சேக் தாவூதின் அக்கா மர்யம் இதே வீட்டில்தான் இருக்கிறாள், அவளுக்கும் தெரியாது.

தஞ்சாவூர் போய் வந்து, மனசுக்குப் பிடித்திருந்தால் மட்டும் இருவருக்கும் தன் வாயாலேயே சொல்லிக்கொள்ளலாம் என்பது ஷம்சாத்தின் கணக்கு. அதுவரை மூச்சு விடக் கூடாது. அப்படி இருக்கும்போது இந்தப் பாழாய்ப்போன நரை வந்து குறுக்கே நின்றது.

வெள்ளிக்கிழமை காலை. தலைக்குக் குளித்துவிட்டு அறைக்குள் நின்று ஈரத்தைத் துவட்டிக்கொண்டிருந்தாள். இடுப்பைத் தாண்டி இறங்கும் முடி. துவட்டவே கை கடுத்துப்போகும். பின்னால் ஒன்றிரண்டு இழையைத் தவிர எல்லாம் கருப்புதான். முன்நெற்றியிலும் வகிட்டின் இரண்டு பக்கமும் மட்டும் நரை கொத்தாக ஓடியிருந்தது.

ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படிக்கும் தஹ்மீனா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் ஒரு டப்பா.

"இந்தாம்மா. ஆன்லைன்ல போட்டிருந்தேன், வந்துடுச்சு."

"என்னடி இது?"

"ஹேர் கலர். நேச்சுரல் பிளாக்."

"கருப்பு வேணாம்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்ல?"

"இது நேச்சுரல்மா. பாரு, மேல இலை படம் போட்டிருக்கான்."

"நம்ம கடையில இருக்கற பூச்சிமருந்து டப்பாவுலகூடத்தான் இலை படம் போட்டிருக்கான். எடுத்து உடம்புல பூசிப்பியா?"

தஹ்மீனாவுக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது. ஆனால் ஷம்சாத் வீம்புக்குப் பேசவில்லை. போன வருஷம் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காக 'கருப்பு மருதாணி' என்று ஒரு பாக்கெட்டை வாங்கிப் பூசிக்கொண்டாள். மருதாணிதானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தாள். ராத்திரிக்குள் நெற்றி தடித்து, காலையில் கண் இரண்டும் திறக்க முடியாமல் வீங்கிப்போயின. கல்யாணத்துக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனாள். முடி நுனியெல்லாம் வைக்கோலாகிவிட்டது. அதை வெட்டியெடுத்து, எண்ணெய் வைத்து எண்ணெய் வைத்துப் பழையபடி கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

"அப்ப அப்படியே வந்துடும்மா. நரையோட. எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள் மகள்.

"உனக்கு ஒண்ணுமில்ல. பாக்கப்போறது என்னையடி."

இவளுக்கு என்னதான் வேண்டும் என்று நீங்களும் கேட்பீர்கள். அவள் வாயால் அதைச் சொல்லத் தெரியவில்லை, நான் சொல்கிறேன். அந்த நரை சேக் தாவூது போன பிறகு வந்தது. இத்தா என்னும் துக்க மாதங்களில், வெளியே போகாமல் அறைக்குள் உட்கார்ந்திருந்தபோது, ஒவ்வொன்றாக வந்தது. அதை ஒரேயடியாகக் கருப்படித்து, அப்படி ஒரு காலமே வரவில்லை என்பதுபோல் போய் நிற்க அவளுக்கு மனசு வரவில்லை. அதற்காக, எல்லாம் முடிந்துபோனவள் மாதிரி போய் உட்காரவும் பிடிக்கவில்லை. நரை இருக்கட்டும், முடியோடு முடியாகக் கலந்து இருக்கட்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. இந்தச் சின்ன விஷயம் ஊரில் ஒருத்தருக்கும் புரியமாட்டேன் என்கிறது.

கதவு தட்டாமலே திறந்தது. மர்யம்.

தஹ்மீனா டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். மறைத்த லட்சணம், டப்பாவின் பாதி வெளியே தெரிந்தது.

"யாருக்குடி சாயம்?"

"எனக்குத்தான் மாமி. சும்மா."

"உன் தலையில ஏது நரை? எல்லாம் உங்கம்மா தலையிலதான் இருக்கு." மர்யம் கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் தலையே ஒரு விளம்பரம். மாதம் தவறாமல் மருதாணி அரைத்துப் பூசி, நரைத்த இடமெல்லாம் ஆரஞ்சுப் பழத் தோல் நிறத்தில் இருக்கும். "மருதாணி அரைச்சுத் தர்றேன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன். கன்னங்கரேல்னு அடிக்கறதுதான் மார்க்கத்துல பிடிக்காதது. மருதாணிக்கு ஒரு குத்தமும் இல்ல."

"எனக்கு அந்தச் செவப்பு வேணாம் மதினி" என்றாள் ஷம்சாத்.

"செவப்போ கருப்போ, முக்காடு போட்ட தலையை எவ பாக்கப்போறா?"

இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக் கேட்டு ஷம்சாத்துக்குக் காது புளித்துவிட்டது. எவ பாக்கப்போறா. கணவர் போனதிலிருந்து ஆறு வருஷமாக அவளே பார்க்காமல் இருந்துவிட்டாள், அதுதான் விஷயம். கண்ணாடியில் முக்காடு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாள், அதற்குள் இருக்கும் ஆளைப் பார்க்கமாட்டாள். இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறாள். இதை மர்யத்திடம் எப்படிச் சொல்வது?

"கடைக்கு நேரமாச்சு" என்று ஈரமுடியை அப்படியே அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டாள்.

"பின்னாம போறியே?"

"வந்து பின்னிக்கறேன்."

புர்காவை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நேராகக் கடைக்குப் போகவில்லை.

மன்னார்குடி கடைத்தெருவை ஒட்டிய சந்தில், மாடியில் வானதியின் பியூட்டி பார்லர். பெண்களுக்கு மட்டும், திரை போட்டிருக்கும். வானதி இவளுடைய கொண்டையை அவிழ்த்தாள். முடி சரசரவென்று இறங்கி நாற்காலியைத் தாண்டித் தொங்கியது.

"அக்கா, என்னக்கா இவ்வளவு முடி" என்று வாயைப் பிளந்தவள், அடுத்த மூச்சிலேயே, "தோள் வரைக்கும் வெட்டிட்டா கலர் பண்றது ஈசிக்கா. இப்ப எல்லாரும் அப்படித்தான் வெச்சுக்கறாங்க" என்றாள்.

ஷம்சாத் கண்ணாடி வழியாக அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"வெட்டறதுக்கு வரல வானதி. நரையைக் கலக்கணும். கருப்பு வேணாம். முடி கெடவே கூடாது. அதுக்கு என்ன இருக்கு, சொல்லு."

வானதி யோசித்தாள். அமோனியா இல்லாத கலர் ஒன்று இருக்கிறது, முடிக்கு உள்ளே ஆழமாகப் போகாது, மேலோடு பிடித்துக்கொண்டு தலைக்குக் குளிக்கக் குளிக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும் என்றாள். முடி நிறத்தைவிட ஒரு படி இளசாக, பழுப்பு. நரை இருக்கும் இடத்தில் மட்டும் தொட்டால் போதும், நுனி வரைக்கும் இழுக்க வேண்டாம். நரை போகாது, ஆனால் பளிச்சென்று தனியாகத் தெரியாது. வளரும்போது கோடு போட்ட மாதிரியும் இருக்காது.

அப்பாடா என்றிருந்தது ஷம்சாத்துக்கு. இதைச் சொல்ல ஒருத்தி கிடைக்க இத்தனை நாளாயிற்று.

"உக்காருங்க, இப்பவே போட்டுடறேன்" என்று கிண்ணத்தை எடுத்தாள் வானதி.

"இரு. முதல்ல ஒரு கற்றைக்குப் போட்டுக் காட்டு. காதுக்குப் பின்னால ஒரு பொட்டு வை. ஒத்துக்குதான்னு பாத்துட்டு ஞாயித்துக்கிழமை காலையில வரேன்."

"அதுக்கு ரெண்டு நாள் ஆகும்க்கா. எல்லாரும் நேரா போட்டுட்டுத்தான் போறாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல."

"எனக்கு ஆயிருக்கு."

"அது ஏதோ டூப்ளிகேட் பாக்கெட்டா இருக்கும். இது கம்பெனி ஐட்டம்."

"வானதி, நான் விதைக்கடை வெச்சிருக்கேன். கம்பெனி மூட்டையா இருந்தாலும் ஒரு கைப்பிடியை ஈரச்சாக்குல கட்டிவெச்சு முளைப்பு பாக்காம எவனும் நாத்து விட மாட்டான். பாக்காம விட்டா அந்தப் போகமே போச்சு. வயலுக்கே அப்படின்னா, இது என் தலை."

வானதிக்குக் கடுப்பு. சனிக்கிழமை முகூர்த்தம், நான்கு கல்யாணப் பெண்கள் வரிசையில் இருக்கிறார்கள், இந்த அக்காவுக்கு ஒரு கற்றைக்காக மெனக்கெட வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்தாள். கிண்ணத்தில் கலக்கிய கலர் வீணாகப் போகும் என்றாள். வீணாகப் போவதற்கும் சேர்த்தே தருகிறேன் என்று ஷம்சாத் சொன்ன பிறகுதான் கை நகர்ந்தது.

"எங்க போடட்டும்? முன்னாடியா?"

"வெளிய தெரியாத இடமா பாரு."

"அப்ப பிடரியில போடறேன். அங்க ரெண்டு நரை கிடக்கு, பாக்க வசதியா இருக்கும். யார் கண்ணுலயும் படாது."

சரி என்றாள் ஷம்சாத். சரி என்று சொன்னபோது அவள் ஊரையே நினைத்துப் பார்த்தாள். கடைக்கு வரும் ஆட்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், நௌஷாத்தின் தங்கை, எல்லாரையும். ஒரே ஒருத்தியை மட்டும் நினைக்கவில்லை. அந்த ஞாபகப் பிசகுக்குத்தான் சாயங்காலம் அனுபவிக்கப் போகிறாள்.

கலர் நன்றாகவே வந்தது. வானதி கழுவி, உலர்த்தி, பின்னால் ஒரு கண்ணாடியைப் பிடித்துக் காட்டினாள். நரை இழைகள் தேன் கலந்த பழுப்பில், கருப்புக்கு நடுவே அடக்கமாக உட்கார்ந்திருந்தன. தொட்டுப் பார்த்தாள். முரமுரப்பு இல்லை. மனசுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம். இதையும் யாரிடமும் சொல்ல முடியாது என்று நினைத்ததும் அதுவும் எரிச்சலாக மாறியது.

"வீட்ல ஏதாவது விசேஷமாக்கா?" என்றாள் வானதி, பணத்தை வாங்கிக்கொண்டு.

"விசேஷம் இருந்தாத்தான் தலையைப் பாத்துக்கணுமா?" என்று கேட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

கடையில் துரைராசு காத்துக்கொண்டிருந்தார். சம்பாவுக்குப் பொன்மணி நெல்விதை வேண்டும், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று அவசரப்பட்டார். அவருக்கு மூட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பினால் போன். நௌஷாத்.

"ஜும்மாவுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேசிடலாம்னு" என்றார். நல்ல குரல், தயங்கித் தயங்கித்தான் வரும். "ஒண்ணுமில்ல. தங்கச்சி ஒண்ணு சொல்லுது."

"சொல்லுங்க."

"உங்களுக்கு நரை இருக்கான்னு கேட்டுச்சு. நான், முன்னாடி கொஞ்சம் இருக்குன்னு சொன்னேன். அன்னிக்குத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வாசல்ல நாம சந்திச்சப்ப, காத்துல முக்காடு விலகிச்சே, அப்ப பாத்தேன்."

ஷம்சாத்துக்குக் காது சூடானது. பார்த்திருக்கிறார். அது ஒரு பக்கம். அதைத் தங்கையிடம் சொல்லியிருக்கிறார், அது இன்னொரு பக்கம்.

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"நாலு பேர் வர்ற இடம், கருப்படிச்சுக்கிட்டு வந்தா நல்லாயிருக்கும்னு சொல்லுது. எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லங்க. அது சொல்லுது."

"உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னா அதை அவங்ககிட்டல்ல சொல்லணும்? என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

"அது வந்து..." என்று இழுத்தார்.

"நௌஷாத், நான் கருப்படிக்க மாட்டேன். எனக்கு எது சரின்னு படுதோ அதைப் பண்ணிட்டு வருவேன். பின்னலை அவுத்து, இழுத்துப் பாத்து, சவுரியா சொந்த முடியான்னு பாக்கறதெல்லாம் எனக்கு ஒரு தடவை நடந்து முடிஞ்சுபோச்சு. இன்னொரு தடவை நடக்காது. இதையும் சேத்துச் சொல்லிடுங்க."

வைத்துவிட்டாள். அதிகம் பேசிவிட்டோமோ என்று ஒரு மனசு, இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று இன்னொரு மனசு. வீட்டில் ஒருத்தி செவப்பு என்கிறாள், ஒருத்தி கருப்பு என்கிறாள், பார்லரில் வெட்டு என்கிறாள், இவர் தங்கை சொல்லுது என்கிறார். தலை என்னுடையது என்று சொல்ல எத்தனை பேரிடம்தான் மல்லுக்கட்டுவது?

அந்த முதல் தடவை நினைவுக்கு வந்தது. அவளுக்குப் பத்தொன்பது வயது. பெண் பார்க்க வந்த கூட்டத்தில் ஒருத்தி எழுந்து வந்து, பூவை எடுத்துக் கீழே வைத்து, பின்னலை முழுசாக அவிழ்த்து, கொத்தாகப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சொந்த முடிதான். என் தம்பிக்கு இந்தப் பொண்ணுதான்" என்று சபைக்கே கேட்கச் சொன்னாள். இழுத்தவள் மர்யம்.

கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து, தொழுது, சாப்பிட்டாள். தஹ்மீனா அண்ணனைக் கூட்டிவர பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினாள். போகும்போது வாசலில் நின்று, "அண்ணன்கிட்ட இன்னிக்கே சொல்லிடும்மா. வேற யார் மூலமாவது தெரிஞ்சா தாங்க மாட்டான்" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை முடியட்டும்."

"உன் இஷ்டம்."

மகளின் தலை மறைந்ததும் உள்ளேயிருந்து மர்யத்தின் குரல் வந்தது. "வா, பின்னிவிடறேன். சாம்பிராணி போட்டுவெச்சிருக்கேன்."

வெள்ளிக்கிழமை தோறும் இது நடக்கும். சேக் தாவூது போன பிறகு, முடியைத் தொடவே மனசில்லாமல் சிக்குப் பிடிக்கவிட்டு உட்கார்ந்திருந்தவளை இழுத்து உட்காரவைத்து, சிக்கெடுத்து, எண்ணெய் தேய்த்துப் பின்னிவிட்டது மர்யம்தான். அன்றிலிருந்து பழக்கமாகிவிட்டது. ஷம்சாத்துக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. அதனால்தான் பார்லர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது ஞாபகத்துக்கே வரவில்லை.

இப்போதும் வரவில்லை. போய் முக்காலியில் உட்கார்ந்தாள். மர்யம் கொண்டையை அவிழ்த்து, புகையில் காட்டி, சீப்பை வைத்தாள். அப்சருக்கு ராத்திரி ஆட்டுக்கால் பாயா வைக்கலாமா, இடியாப்பத்துக்கு மாவு இருக்கிறதா என்று பேசிக்கொண்டே முடியை மூன்றாகப் பிரித்தாள்.

பேச்சு நின்றது.

அப்போதுதான் ஷம்சாத்துக்குச் சுரீர் என்றது. எழுந்துவிடலாம் என்று பார்த்தாள், முடி மர்யத்தின் கையில் இருந்தது.

மர்யம் அந்த இழையைத் தனியாக எடுத்தாள். விரலை எச்சிலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். காதை மடக்கி, அங்கே இருந்த பழுப்புப் பொட்டையும் பார்த்தாள்.

"இது என்ன?"

"ஒண்ணுமில்ல மதினி. சும்மா, மாதிரிக்கு."

"மாதிரிக்கா?"

"ஒத்துக்குதான்னு பாக்க."

மர்யம் பின்னத் தொடங்கினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. இழுப்பு பலமாக இருந்தது.

"நானும் இந்த விதைக்கடை வீட்டுலதான் பொறந்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "விதைக்கப்போறவன்தான் மாதிரி பாப்பான். சும்மா எவனும் பாக்கமாட்டான். எந்த ஊரு?"

ஷம்சாத் அவசரமாக யோசித்தாள். பொய் சொல்லலாம். மகள் பெயரைச் சொல்லலாம், கடைக்கு வந்த யாரோ சொன்னார்கள் என்று சொல்லலாம். காலையிலிருந்து எல்லாருக்கும் பதில் சொல்லிச் சொல்லி, பொய்க்கென்று அவளிடம் தெம்பு மிச்சமில்லை.

"நாகப்பட்டினம்."

"பிள்ளைங்களுக்குத் தெரியுமா?"

"தஹ்மீனாவுக்குத் தெரியும். அப்சருக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது."

"சொல்லியிருப்பேன் மதினி. சத்தியமா சொல்லியிருப்பேன். என்ன சொல்வீங்களோன்னு..."

"முன்னாடி இருக்கற நரையை என்ன பண்ணப்போற?"

கேள்வி அந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "அழிக்க மாட்டேன். கலந்து மட்டும் விடுவேன். அது உங்க தம்பிக்காக வந்தது" என்றாள். சொன்னதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து யாரிடமும் சொல்ல வராத வார்த்தை, சொல்லவே கூடாத ஆளிடம் வந்துவிட்டது.

மர்யம் அடுத்த சுற்றை இறுக்கினாள். பின்னல் இறங்கிக்கொண்டே வந்தது. பின்னால் அவள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க முடியாத அவஸ்தை இருக்கிறதே, அதை எழுத எனக்கு வார்த்தை போதாது.

வாசலில் ஆட்டோ நின்ற சத்தம். பெட்டியை இறக்கும் சத்தம். "அம்மா" என்று அப்சரின் குரல்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மர்யம்தான் பின்னல் நுனியில் ரப்பர் பேண்டு சுற்றி, முதுகில் ஒரு தட்டு தட்டி, எழுந்திரு என்பாள். இன்று பின்னலை முன்னால் கொண்டுவந்து, கட்டாத நுனியை ஷம்சாத்தின் கைக்குள் வைத்து, அந்தக் கையை மூடினாள்.

"நீயே முடிஞ்சுக்க" என்றாள்.

எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு நடந்தாள். தாழ்ப்பாள் விலகியது. பிறகு அவள் குரல், வீடு முழுக்கக் கேட்கும்படி:

"வாடா அப்சர். பெட்டியெல்லாம் அப்புறம் எடுத்துக்கலாம். முதல்ல உள்ள போ. உங்கம்மா உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணுமாம்."

ஷூவைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஷம்சாத் இன்னும் முக்காலியில்தான் இருந்தாள். ரப்பர் பேண்டு எங்கே இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. நுனியை விட்டால் பின்னல் பிரிந்துவிடும் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.